ஸ்டேஷன் வாசலில் எழும் சந்தேகங்கள்: கேள்வி பதில்

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 19 வருடமாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். போலீஸ், பெட்டி கேஸ் (சிறு குற்ற வழக்கு) தொடர்பான சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் புதிய எண்களையே தருகிறேன். குற்றத்தையும் தண்டனையையும் சொல்லும் எண்கள் நியாய சன்ஹிதாவுடையவை, விசாரணை நடைமுறையைச் சொல்லும் எண்கள் சுரக்ஷா சன்ஹிதாவுடையவை.

வாய்க்கால் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். தலையில் நாலு தையல். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதுமா சார்?

போதாதும்மா. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. வழக்கு பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர். வரும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ் ஆகிவிட்டது என்று ஆறு மாதம் காத்திருந்தவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள்.

கையால் அடித்துச் சாதாரணக் காயம் என்றால் அது பிரிவு 115(2). அதில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. ஆனால் உங்கள் கணவரை அடித்தது இரும்புக் கம்பியால். அது பிரிவு 118(1)-க்குள் வரக்கூடியது. மூன்று வருடம் வரை தண்டனை உண்டு, போலீஸ் நேரடியாகவே வழக்கு பதியலாம். இந்த மாதிரிக் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யப் புதிய சட்டம் இடம் தருகிறது. ஆகவே 14 நாளுக்கு மேல் இழுத்தால் சும்மா இருக்காதீர்கள். புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் பிரிவு 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தையல் போட்ட அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பிக்கு (காயத்தை டாக்டர் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) எழுதிக் கொடுங்கள். 'தெரிந்த நபர் ஒருவர் இரும்புக் கம்பியால் தாக்கியதாகக் கூறினார்' என்று டாக்டர் அன்றைக்கே எழுதிய அந்த ஒரு வரி, பின்னால் பத்து சாட்சிக்குச் சமம். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஜெராக்ஸுக்குக்கூட காசு கேட்கக்கூடாது.

ஒரு கேஸில் சாட்சி சொல்ல என் அம்மாவை (67 வயது) ஸ்டேஷனுக்கு அழைத்து வரச் சொல்லி போன் செய்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும் (பிரிவு 179). விருப்பப்பட்டால் அவர்களே போகலாம், கட்டாயப்படுத்த முடியாது. போனில் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் மேலேயே குற்றச்சாட்டு என்றால் கதை வேறு. அப்போது பிரிவு 35(3) நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. கையில் வாங்கி, வாங்கிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

விசாரணைக்குப் போன தம்பியிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். பயமாக இருக்கிறது அண்ணா.

பயம் நியாயமானதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், கொத்தனார் வேலை பார்ப்பவர். கூலி பாக்கி கேட்டுப் புகார் கொடுத்தவர் அவர்தான். ஒரு ஸ்டேஷனில் தாளின் அடியில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நகல் வாங்கிப் பார்த்தோம். மேலே 'எங்களுக்குள் சமாதானமாகிவிட்டது, மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று வேறு மையில் எழுதியிருந்தது. கையெழுத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதைக் காட்டித்தான் வாதாடினேன்.

புலன் விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது (பிரிவு 181). வேறு எந்தத் தாளானாலும் முழுக்கப் படித்த பிறகு, கடைசி வரியை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். தம்பி விஷயத்தில் உடனே, என்ன நடந்தது என்று தேதி நேரத்தோடு எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போடுங்கள்.

குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டதாக பெட்டி கேஸ். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். சரியா?

பிரிவு 355-ன் கீழ் அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. தொகை சின்னதுதான். ஆனால் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அது தண்டனைதான். நாளைக்கு வேலை விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்டால் மறைக்க முடியாது. அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு வக்கீலைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

பஸ்ஸில் கிடந்த போனை எடுத்து சிம் மாற்றிப் பயன்படுத்துகிறேன். திருடவில்லையே?

திருட்டு இல்லை, ஆனால் பிரிவு 314-ன்படி குற்றம். குறைந்தது ஆறு மாதச் சிறை. இன்றைக்கே ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

வண்டி ஆர்.சி.யை போனில் காட்டினால் போதுமா?

டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் போதும். கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது.

வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றார்கள். 40,000 ரூபாய் அனுப்பிவிட்டேன்.

அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கில் அதை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. நான் வீட்டு வேலை செய்கிறேன்.

நீங்கள் பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அப்படியே. இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள். அல்லது தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எது என்று கேட்டு, ஆதாரும் உங்களிடம் இருக்கும் காகிதங்களும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எழுதத் தெரியாவிட்டால் மனுவை அவர்களே எழுதித் தருவார்கள்.