லாக் கர் ஏரி: கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் லாக் கர் ஏரி எங்கே உள்ளது? அதன் அமைப்பு எத்தகையது?

பதில்: லிமரிக் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சுண்ணாம்புக்கல் குன்றுகளின் நடுவே, நாக்கடூன் குன்றைக் குதிரை லாட வடிவில் இது சூழ்ந்திருக்கிறது. முற்காலத்தில் குன்றின் எஞ்சிய பக்கத்தைச் சதுப்பு நிலம் காத்ததால் அது ஏறக்குறைய ஒரு தீவாகவே இருந்தது. அதனுள் செல்லும் வழிகளைக் காக்கத்தான் கருங்கோட்டையும் பௌர்ச்சியர் கோட்டையும் எழுந்தன.

கேள்வி: ஏரிக்கு அடியில் ஒரு பிரபு உறங்குவதாகச் சொல்கிறார்களே, ஐயா, அவர் உண்மையில் வாழ்ந்தவரா?

பதில்: வாழ்ந்தவரே. தென் அயர்லாந்தின் டெஸ்மண்ட் பகுதியின் மூன்றாம் பிரபுவான ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1398-இல் மறைந்தார். ஆங்கில அரசரின் சார்பில் அயர்லாந்தை ஆண்ட அவர், ஐரிஷ் மொழியில் கவிதையும் எழுதியவர். ஏரிக்கரையில் தலைவாரிக்கொண்டிருந்த ஆன்யா என்னும் தெய்வப்பெண்ணுக்கும் முதலாம் பிரபுவுக்கும் பிறந்தவர் அவர் என்கிறது கதை. மகன் எதைச் செய்தாலும் வியக்கக் கூடாது என்று தந்தைக்கு நிபந்தனை. ஒரு விருந்தில் மகன் குடுவைக்குள் குதித்து வெளியே வந்தபோது தந்தை வியந்துவிட, மகன் வாத்தாகி நீரில் நீந்தி மறைந்தாராம். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெள்ளி லாடம் பூண்ட குதிரையில் ஏரியின் மேல் அவர் வருவார் என்றும், அந்த லாடம் முழுவதும் தேய்ந்த பின் அவரை ஏரியில் கட்டிவைத்திருக்கும் சாபம் நீங்கும் என்றும் நம்பினர். படித்த பிரபுவை மந்திரவாதியாக்குவது மக்கள் நினைவுக்கு எளிதாகவே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏரி வற்றும் என்பதும் உண்மையா?

பதில்: அதுவும் கதையே. வற்றும் வேளையில் அடியில் பச்சைத்துணி போர்த்திய ஒரு மரம் தெரியும் என்றும், துணியைப் பறித்துக்கொண்டு ஓடிய குதிரைவீரனை நீர் பொங்கித் துரத்தி அதை மீட்டது என்றும் சொல்வார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வடிகால் வெட்டி நீர்மட்டத்தை மெய்யாகவே தாழ்த்தியபோது, மரத்திற்குப் பதிலாகப் பழங்காலப் பொருள்களும் விலங்கெலும்புகளும் ஏராளமாக வெளிப்பட்டன. கரையோரங்களில் கற்கால மக்கள் வீடு கட்டி வாழ்ந்ததை, 1930-களில் தொடங்கித் தொல்லியலாளர் ஷான் ஓ ரீர்டான் நடத்திய அகழாய்வுகள் காட்டின. ஏரிக்கு மேற்கே, 113 கற்கள் கொண்ட கிரேஞ்ச் கல்வட்டமும் அவர் ஆராய்ந்ததே.

கேள்வி: அங்கே நீந்தலாமா?

பதில்: ஆழம் குறைந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீர் என்பதால் கோடையில் நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப்பாசி படர்வதுண்டு. அப்போது கரையில் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகையை மதிப்பது நல்லது.