லீட் கோல்டு என்றார், சில்வர்தான் வந்தது: பிடித்து வைத்த பணத்தைத் தர வேண்டுமா?

கேள்வி: கோவையில் வாடகைக்கு விட ஓர் அலுவலகக் கட்டடம் கட்டினோம். 'லீட் கோல்டு தரத்தில் கட்டித் தர வேண்டும், தவறினால் ரூ.40 லட்சம் இழப்பீடு' என்று ஒப்பந்தம். (லீட் என்பது பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுத் தரும் சான்று. சில்வருக்கு மேல் கோல்டு.) 57 புள்ளியோடு சில்வர்தான் கிடைத்தது. கான்ட்ராக்டர், "டிசைன் ஆர்க்கிடெக்டுடையது" என்று கைகழுவிவிட்டு, பிடித்து வைத்த ரூ.30 லட்சத்தைக் கேட்கிறார். தர வேண்டுமா?

பதில்: இப்போதே தர வேண்டாம். ஆனால் ரூ.40 லட்சமும் உங்களுடையது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கோல்டுக்கு 60 புள்ளி வேண்டும். குறைந்த 3 புள்ளி யாரால் போனது என்பதே வழக்கு. 'கோல்டு தரத்தில்' என்பது தெளிவில்லாத வாசகம். சான்று தருவது மூன்றாவது அமைப்பு என்பதால், 'தரத்தில்தான் கட்டினேன், சான்று என் கையில் இல்லை' என்று கான்ட்ராக்டர் அதைப் பிடித்துக்கொள்வார். எனவே சான்று அமைப்பின் மதிப்பாய்வு அறிக்கையில் எந்தெந்தப் புள்ளி மறுக்கப்பட்டது என்று பாருங்கள். மின்சிக்கனப் புள்ளிகள் பெரும்பாலும் டிசைன் செய்தவர்களைச் சேரும். லீட் நான்காம் பதிப்பில் கட்டடக் கழிவு மேலாண்மைக்கு 2 புள்ளி, கட்டுமானக் காலத்தில் உட்புறக் காற்றைக் காப்பதற்கு 1 புள்ளி. இவை கான்ட்ராக்டர் கையில் இருப்பவை. முதலாவதற்குக் கழிவில் 75 சதவீதத்தை 4 வகைப் பொருள்களாகப் பிரித்துக் குப்பைக்கிடங்குக்குப் போகாமல் திருப்பிவிட்டதற்கான எடைச்சீட்டுகள் வேண்டும். இரண்டாவதற்கு டக்ட் (ஏசி காற்றுக் குழாய்) வாய்களை மூடி வைத்த தேதியிட்ட போட்டோக்கள். வேலை முடிந்த பிறகு இவற்றை உண்டாக்க முடியாது. தளப் பொறியாளரின் ஃபைல் காலியாக இருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆவணம் இருந்தும் சமர்ப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் சான்று அமைப்பிடம் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள். செலவும் குறைவு, நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்கள் என்பதற்குச் சாட்சியும் ஆகும்.

'லீட் சான்று பெற்ற நிறுவனம்' என்று அவர் விளம்பரம் செய்திருந்தால் எடுத்து வையுங்கள். லீட் சான்று கட்டடத்துக்கு, லீட் ஏபி என்ற நிபுணர் தகுதி தனிநபருக்கு. நிறுவனத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி ரூ.40 லட்சம் உச்சவரம்பு மட்டுமே. நஷ்டத்தை நிரூபிக்கக் கூடிய இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று கைலாஷ்நாத் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோல்டு இல்லை என்பதற்காக வாடகை குறைத்துக் கேட்ட கடிதம் இருந்தால் பலம். கோல்டு கட்டடம்தான் வேண்டும் என்ற வாடகைதாரர் கைநழுவிய நஷ்டத்தைக் கேட்க, அந்த நிபந்தனை கையெழுத்திடும்போதே கான்ட்ராக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் (பிரிவு 73).

நுகர்வோர் ஆணையம் வேண்டாம். வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவார்கள். தகராறை நடுவர் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், நடுவர் சட்டத்தின் 21-வது பிரிவில் நோட்டீஸ் அனுப்புங்கள். நடுவரை அவர் தரப்பு மட்டுமே நியமிக்கலாம் என்றிருந்தால் எதிர்த்து எழுதுங்கள், அது செல்லாது. ஷரத்து இல்லையென்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கில், வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவின்படி முதலில் மத்தியஸ்தத்துக்குப் போகாவிட்டால் மனுவையே நிராகரிப்பார்கள். ஒப்பந்த மீறலிலிருந்து 3 ஆண்டு காலவரம்பு.

இதற்கிடையே பணம் ஏதும் கொடுப்பதானால், 'உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்' என்று எழுதிக் கொடுங்கள். 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்து வேண்டாம்.