தோழியின் விழாவுக்கு இடைக்கால ஐரோப்பிய உடை: தையல் கேள்வி-பதில்

கேள்வி: என் தோழியின் திருமணம் இங்கிலாந்தில் இடைக்கால முறையில் நடக்கிறது. கவுன் தைக்க எத்தனை மீட்டர் துணி எடுக்க வேண்டும்?

பதில்: இடைக்காலம் என்பது ஏறத்தாழ 1,000 ஆண்டுகள். எந்த நூற்றாண்டு, தோழியின் உயரம் என்ன, துணியின் பன்னா, அதாவது அகலம், எவ்வளவு என்ற மூன்றையும் எழுதாமல் மீட்டர் கணக்கு மட்டும் கேட்பவர்களுக்கு நான் எதைச் சொன்னாலும் தவறாகத்தான் முடியும். 14ஆம் நூற்றாண்டு, 5 அடி 4 அங்குலம், 60 அங்குலப் பன்னா என்று நானே வைத்துக்கொள்கிறேன்: கம்பளி நாலரை மீட்டர், உள்ளங்கிக்கு லினன் 3 மீட்டர். இரண்டையும் நனைத்து உலர்த்தாமல் கத்தரியைத் தொடாதீர்கள்.

கேள்வி: மணப்பெண் என்பதால் வெள்ளைத் துணி வாங்கிவிட்டேன். சரிதானே?

பதில்: வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம். விக்டோரியா அரசி 1840இல் வெள்ளை உடையில் மணம் புரிந்த பிறகே அந்த வழக்கம் பரவியது. இடைக்காலத்து மணப்பெண் தன்னிடமிருந்த உடைகளில் சிறந்ததை, பெரும்பாலும் நல்ல சாயமேறிய ஒன்றை, அணிந்தாள். நம் மஞ்சிட்டியின் உறவுச் செடியான மேடரின் வேர் சிவப்பைத் தந்தது. அவுரியில் உள்ள அதே நீலத்தை வோட் செடியின் இலை தந்தது. நீங்கள் எடுத்தது லினன் என்றால் உள்ளங்கிக்கு ஆகும். சாட்டின் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மலிவான பாலியஸ்டர் வெல்வெட் போதாதா?

பதில்: போதாது. அக்காலத்து வெல்வெட் பட்டில் நெய்தது; அதை வாங்க முடியாதவர்கள் நல்ல கம்பளி அணிந்தார்கள், நீங்களும் அதையே எடுங்கள்.

கேள்வி: முதுகுப் பக்கம் உலோக வளையங்கள் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக நாடா கோக்கப் போகிறேன். எத்தனை வளையம் வேண்டும்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். அடித்துப் பொருத்தும் உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டின் சரக்கு. அது காலத்துக்குப் பொருந்தாது என்பதைவிட, துணியைக் கெடுக்கும் என்பதே என் பெரிய குறை. வளையம் அடிக்கும்போது இழைகள் அறுபடுகின்றன; இறுக்கிக் கட்டியதும் அறுந்த இடம் பிய்ந்து, விழா பாதி நடக்கையில் வளையம் கையோடு வந்துவிடுகிறது. அப்படிப் பிய்ந்த முதுகுகளை ஒட்டுப்போட்டே என் கண் மங்கிவிட்டது.

குத்தூசியால் இழைகளை அறுக்காமல் விலக்கித் துளையிட்டு, காஜா எடுப்பதுபோல் சுற்றிலும் பட்டு நூலால் கைத்தையல் போடுங்கள். துளைகள் வரும் ஓரத்தின் உட்புறத்தில் லினன் பட்டி ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். லண்டன் அகழாய்வுகளில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டு ஆடைத் துண்டுகளில் இவ்வாறு ஓரங்களுக்குப் பட்டுப் பட்டி கொடுத்திருப்பதைக் காணலாம். நாடா ஒன்றே போதும். கடைசித் துளையில் முடிச்சிட்டு, ஓரம் அடிப்பதுபோல் சுற்றிச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். இதற்குக் கீழ்ச் சோடியும் மேல்ச் சோடியும் மட்டும் நேருக்கு நேர் இருக்க, நடுவிலுள்ளவை ஒரு பக்கத்தில் அரை இடைவெளி தள்ளி அமைய வேண்டும். இல்லையென்றால் கட்டியதும் ஒரு பக்கம் மேலேறிக் கழுத்து கோணும். துளைக்குத் துளை 2 செ.மீ. விடுங்கள். 40 துளை என்றால் மூன்று நான்கு மாலை வேலை. அதற்கு மனமில்லாதவர்கள் துணிப் பட்டன் வைத்துக்கொள்ளலாம். முன்புறமோ பக்கவாட்டிலோ நாடா வந்தால் தோழி தானே கட்டிக்கொள்வாள், முதுகில் வைத்தால் அவளுக்கு ஒரு பணிப்பெண்ணையும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: கையைத் தூக்கினால் உடை முழுவதும் மேலே ஏறுகிறது. அக்குள் வளைவை இன்னும் பெரிதாக வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள், அது இன்னும் மோசமாகும். வளைவு உடலை ஒட்டிச் சிறிதாக இருந்தால்தான் கை தனியாக அசையும். வெட்டியாகிவிட்டது என்றால் அக்குளில் சதுரத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். காடாத் துணியில் மாதிரி தைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: மிஷினில் தைக்கலாமா?

பதில்: உள் தையல்களுக்குத் தாராளமாக. வெளியே தெரியும் ஓரங்களைக் கையால் முடியுங்கள்.

கேள்வி: கீழ் விளிம்பு அலை அலையாகத் தொங்குகிறது.

பதில்: கலியின், அதாவது கீழ்ப்பகுதி விரியச் செருகும் முக்கோணத் துண்டின், சாய்ந்த ஓரம் தன் எடையால் நீளும். ஓரம் மடிப்பதற்கு முன் உடையை 2 நாள் தொங்கவிட்டு, தோழியை நிற்க வைத்துத் தரையிலிருந்து அளந்து வெட்டுங்கள். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடைக்கால இடுகாட்டில் 1921இல் தோண்டியெடுத்து இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள உடைகளில் கலிகள் நிறைய. வெட்டு முறை கற்க அவற்றைவிட நல்ல பாடமில்லை.

கேள்வி: 1966இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்ப்பவர்களின் கிரியேட்டிவ் அனாக்ரானிசம் சங்கத்தில் என் தோழிக்குப் பட்டம் தருகிறார்கள். அவளுக்குத் தெரியாமல், அவளுடைய பழைய குர்தியை வைத்து அளவெடுத்துத் தைக்கலாமா?

பதில்: குர்தி லூஸாகத் தைக்கப்படுவது, இந்த உடையோ உடலைப் பிடித்து நிற்பது; அந்த அளவில் இது அமையாது. ரகசியத்தைக் கைவிட்டு, காடா மாதிரியை அவளுக்குப் போட்டுப் பாருங்கள். அவையின் முன் மண்டியிட்டு எழ வேண்டியிருக்கும் என்பதால் முன்விளிம்பு தரையிலிருந்து 3 செ.மீ. உயர்ந்திருக்கட்டும், மாதிரியைப் போட்ட அன்றே மண்டியிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பளியை நனைத்து உலர்த்திவிட்டீர்களா?