பன்னிரண்டு இடி, சொட்டு மழை இல்லை

கேள்வி: ‘கொட்டுக்காளி’ மாதிரி சத்தமே இல்லாத படங்களை இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கிப் பிடிப்பீர்கள்? பின்னணி இசைகூட இல்லாமல் ஒரு சினிமாவா? போகட்டும், சமீபத்தில் நீங்கள் ரசித்த படம், தொடர், ஓவியம் என்று ஒரு பட்டியல் தாருங்களேன்.
– வாசகி, விருதுநகர்

பதில்: பட்டியல் அப்புறம். ‘சத்தமே இல்லாத’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

2024 ஆகஸ்டில் வந்த அந்தப் படத்தில் இல்லாதது இசை மட்டும்தான். சத்தம் படம் முழுக்க இருக்கிறது. ஆட்டோவின் இரைச்சல், காலைக் கட்டிப் போட்ட சேவல், வழியில் அலறும் மைக்செட், தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரக்கும் சூரியின் குரல். இத்தனைக்கும் நடுவில் அன்னா பென் நடித்த மீனா வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி வீட்டார் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். மைக்செட்டில் ஓடும் ஒரு பாட்டை அவள் உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள். பைக்கில் கூடவே வரும் பாண்டி (சூரி) அதைப் பார்த்துவிடுகிறான். பிறகு விழும் அடி இருக்கிறதே, அதற்கு ஒரு வயலினைப் போட்டிருந்தால் நாம் மீனாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு, நிம்மதியாக அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். இயக்குநர் வினோத்ராஜ் அந்த நிம்மதியை நமக்குத் தரவில்லை. கை ஓங்கும் சத்தமும், தடுக்க வந்து தானும் அடி வாங்கும் பெண்களின் கூச்சலும் மட்டும்தான். ஒலியைக் கவனித்த சுரேனும் அழகியகூத்தனும் இதற்கு எவ்வளவு உழைத்திருப்பார்கள்! அதைச் சத்தமே இல்லாத படம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அதே ஆண்டு நவம்பரில் ‘கங்குவா’ வந்தது. காது வலிக்கிறது என்று முதல் நாளே புகார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி வெளிப்படையாக வருத்தப்பட்டார். ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்காரர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். ஆனால் தியேட்டரில் குறைத்தால் தீருகிற நோய் இல்லை இது. வசனம், இசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சிங் அறையில் ஒலி அளவை 7 என்ற எண்ணில் வைத்து வேலை செய்வது உலக வழக்கம். தியேட்டரிலும் 7 வைத்தால் அங்கே கேட்டது இங்கே கேட்க வேண்டும். படம் அலறினால் மக்கள் சண்டைக்கு வருவார்கள், ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். இறக்கினால் வசனம் காதில் விழாது. ‘எப்படியும் குறைத்துத்தான் போடுவார்கள்’ என்று அடுத்த படத்துக்காரர் இன்னும் கூட்டிக் கலப்பார். அவர் கூட்ட, இவர் குறைக்க, நடுவில் மாட்டிக்கொண்டது உங்கள் காதும் என் காதும். நான் இதை எழுதும்போதெல்லாம் ‘இசைக்கு எதிரி’ என்று சில ரசிகர்களிடமிருந்து கடிதம் வரும். அவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: இசை நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சண்டை. ஓயாமல் வாசித்துக்கொண்டே இருந்தால் எந்த இசையும் காதில் ஏறாது.

தொடர் பற்றிக் கேட்டீர்கள். நம் வீட்டு சீரியலில் மாமியார் கையிலிருந்து காபி டபரா நழுவுகிறது. உடனே ஒரு இடி. மருமகள் திரும்பிப் பார்க்கிறாள். அவள் முகத்தை மூன்று பக்கமிருந்து காட்டுகிறார்கள், பக்கத்துக்கு ஓர் இடி. கூடத்தில் நாத்தனார், வாசலில் கொழுந்தன், மாடிப்படியில் எதற்கு நிற்கிறார் என்றே தெரியாத பெரியப்பா, ஆளுக்கு மூன்று. மாமியாரின் முதல் இடியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் பன்னிரண்டு. இவ்வளவு இடித்தும் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டு மழை பெய்ததில்லை. டபராவை எடுக்கவும் யாரும் குனியவில்லை. ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். மறுநாள் அதே டபரா மறுபடியும் முதலிலிருந்து விழும். சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நடிகைகளில் பலர் ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் சொல்லக்கூடியவர்கள். அந்தப் பார்வையை நாம் பார்க்க விடாமல் இடி மறைக்கிறது.

2025 மார்ச்சில் வந்த ஆங்கிலத் தொடர் ‘அடோலசன்ஸ்’ பார்த்தீர்களா? நான்கே பகுதிகள். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது. மூன்றாவது பகுதியின் பெரும்பங்கு ஓர் அறை, ஒரு மேசை, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பதிமூன்று வயதுப் பையன், அவனிடம் பேச வந்த மனநல நிபுணர், அவ்வளவுதான். பையனாக வந்த ஓவன் கூப்பருக்கு நடிப்பே புதிது. படப்பிடிப்பில் முதலில் எடுத்தது அந்தப் பகுதியைத்தான். சிரித்துக்கொண்டே இருப்பவன் சட்டென்று எழுந்து கத்துவான். முன்னறிவிப்பாக ஓர் உறுமல் இசை வந்திருந்தால் நாம் தயாராகியிருப்போம். வரவில்லை, அதனால் அந்த நிபுணரோடு சேர்ந்து நாமும் நடுங்குகிறோம். பதினைந்து வயதில் அவனுக்கு எம்மி விருது கிடைத்தது; முழுக்கத் தகும்.

இதில் உச்சம் என்று நான் நினைப்பது ஜோனதன் கிளேசரின் ‘தி ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’. யூதர்களை நாஜிகள் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் சுவரை ஒட்டி அதன் தளபதியின் வீடு. அந்த வீட்டில் பூச்செடி, குழந்தைகள், நீச்சல் தொட்டி. முகாமுக்குள் நடக்கும் கொடுமையைப் படம் ஓரிடத்திலும் கண்ணுக்குக் காட்டுவதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறது: உலையின் உறுமல், துப்பாக்கி, தூரத்து அலறல். அதற்காக ஒலி வடிவமைப்பாளர் ஜானி பர்ன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் குறிப்பு சேர்த்தார். மிக்கா லெவியின் இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் சில இடங்களிலும் மட்டும் வைத்தார்கள். 2024-இல் ‘ஓப்பன்ஹைமர்’ போட்டியில் இருந்தபோதும் ஒலிக்கான ஆஸ்கர் இதற்குத்தான் போனது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம் என்பீர்களோ? 1954-இல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டு கிடையாது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணையில் மேதை. இசையிலேயே ஊறிய ஆளுக்குத்தான் பாட்டு எங்கே வேண்டாம் என்று தெரிந்திருக்கிறது. எழுபது வருஷத்துக்குப் பிறகும் நாம் ‘பின்னணி இசைகூட இல்லாமலா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஓவியம்: புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. ஆதிமூலத்தின் கோடுகளைத் தேடிப் பாருங்கள். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் காந்தியை நூறு கோட்டோவியங்கள் போல வரைந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் அவர்தான் வரைந்தார். நாலைந்து கோட்டில் ஒரு கிழவர் வந்துவிடுவார். மீதித் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார். இன்று பத்திரிகைப் பக்கங்களில் அந்த வெள்ளையைக் கண்டால் வடிவமைப்பாளர்களுக்குக் கை பரபரக்கிறது. ஒரு பூவையோ கலர் பட்டையையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் வாராவாரம் இதற்காக நடக்கும் வாக்குவாதத்தை நான் விடுவதாக இல்லை. சென்னைப் பக்கம் வந்தால் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போய், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஒரு மதியம் சுற்றிப் பாருங்கள். ஆதிமூலம் எந்த ஓவியப் பள்ளியிலிருந்து வந்தவர் என்பது அங்கே புரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தியேட்டரில் வசனம் புரியாமல் போனால் பக்கத்து சீட்டில் புலம்பாதீர்கள். இடைவேளையில் மேலாளரிடம் போய், ஒலியை எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். தியேட்டர் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.