மண் காய்ந்தும் முள் பூஜ்யத்தில் நிற்பது ஏன்?

கேள்வி: சொட்டுநீரில் எலுமிச்சை வளர்க்கிறேன். ஈரம் பார்க்க டென்சியோமீட்டர் (அடியில் பீங்கான் முனையும் மேலே முள் காட்டும் மானியும் உள்ள, நீர் நிரப்பிய குழாய்) வைத்தேன். மண் காய்ந்த பிறகும் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. கருவி பழுதா?
– வாசகர், புளியங்குடி

பதில்: பெரும்பாலும் பழுது இருக்காது, உள்ளே காற்று புகுந்திருக்கும். மண் காயக் காய முள் காட்டும் அளவு கூடும். மண் மிகவும் காய்ந்து அது சுமார் 80 சென்டிபாரை (மண் நீரை இழுக்கும் விசையின் அலகு) தாண்டினால், குழாயின் நீர்த்தம்பம் அறுந்து முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அதை ‘நல்ல ஈரம்’ என்று நம்பித் தண்ணீரை நிறுத்தினால் மரம் வாடிவிடும், கவனம்!

முதலில் பாசனம் செய்யுங்கள். கருவியை எடுத்து, பீங்கான் முனையை இரவு முழுக்க நீரில் ஊறவையுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றி, குழாயைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றி, மூடியை இறுக்குங்கள். குழாய் அளவுக்கே துளையிட்டு, அதே மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றிச் செருகுங்கள். முனையைச் சுற்றி இடைவெளி இருந்தால் எந்த அளவையும் நம்ப முடியாது. மறுநாள் முதல் காலையில் பாருங்கள்.

சொட்டுவானிலிருந்து ஓர் அடி தள்ளி, 30 செ.மீ., 60 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு கருவி வேண்டும். மணல் கலந்த செம்மண்ணில் மேல்கருவி 30 சென்டிபார் காட்டும்போது பாசனம் தொடங்கலாம். களி கூடிய மண்ணில் 50 வரை பொறுக்கலாம். கீழ்க்கருவி எப்போதும் 10-க்குள் இருந்தால் தண்ணீர் அதிகம். பாசன நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், எலுமிச்சைக்கு வேரழுகல் எளிதில் வரும்.