பதில்: சிகிச்சை நன்றாக இருந்தும் "யாரும் கண்டுக்கல" என்று எழுதுகிறார்கள்

வேளச்சேரியில் 40 படுக்கை ஆஸ்பத்திரி, சிகிச்சையில் குறையில்லை, ஆனால் நோயாளிகள் எழுதும் ஃபீட்பேக் மட்டும் மோசம், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், ஃபீட்பேக் ஃபார்மை எங்கே கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பில்லிங் கவுன்டரில் என்றால், இன்ஷூரன்ஸ் அப்ரூவலுக்குக் காத்திருந்த எரிச்சல் முழுக்க நர்ஸ் தலையில் விழும். வார்டில் கொடுத்தால் பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் டிக் போடுவார்கள். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், வார்டில் வேலை செய்யாத ஒருவர் போன் செய்யட்டும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி அனுபவத்தை நோயாளிகளிடம் கேட்கும் ஹெச்கேப்ஸ் (HCAHPS) சர்வேயிலும் டிஸ்சார்ஜுக்கு 48 மணி நேரம் கழித்துத்தான் கேட்கிறார்கள். "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். "நர்ஸ் காதுகொடுத்துக் கேட்டாரா: எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை" என்று கேளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல். ரவுண்ட்ஸில் டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். கான்சாஸில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், டாக்டர் உட்கார்ந்து பேசியபோது, நின்று பேசியதைவிட அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் உணர்ந்தார்கள். உண்மையில் நேரம் கூடவில்லை.

பகலில் மணிக்கு ஒருமுறை நர்ஸ் போய் வலி, பாத்ரூம், படுத்திருக்கும் நிலை வசதியா என்ற மூன்றையும் கேட்கட்டும். தண்ணீர் பாட்டில், போன், காலிங் பெல் கைக்கு எட்டுகிறதா? டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி குத்திய கைப்பக்கமே பெல் தொங்கினால் எப்படி அழுத்துவார்? கையெழுத்துக்காக மட்டும் சார்ட்டை நிரப்பினால் இது செத்துவிடும். வாரம் ஒருநாள் திடீரென்று போய்ப் பாருங்கள்.

நோயாளிக்குத் துணையாகத் தங்கி, கீழே பாய் விரித்துப் படுக்கும் அட்டெண்டரை மறக்காதீர்கள். ஸ்கேன் தாமதமானால் காரணத்தை அவரிடமும் சொல்லுங்கள். புகார் பல நேரம் அவர் வாயிலிருந்துதான் வருகிறது.

சிரிக்கக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பா? அந்தப் பணத்துக்கு நைட் ஷிஃப்டில் ஒரு நர்ஸைக் கூடுதலாகப் போடுங்கள்.