சுற்றுலாப் பயணிகள் அதிகம் வந்தால் நாடு வளர்ந்துவிடுமா?

வெளிநாட்டுப் பயணிகள் வரத்து கூடினால் பொருளாதாரமும் தானாக வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக வளராது என்பதே என் கருத்து. வந்த பணத்தில் எவ்வளவு நாட்டுக்குள் தங்கியது, தங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியின் காலைச் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். மீனும் தேங்காயும் அங்கேயே கிடைப்பவை. மாவு, வெண்ணெய், பால், பழங்களில் பெரும்பாலானவை கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குகின்றன. வேலை செய்பவர்களிலும் பலர் வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்கள். சம்பளத்தை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். விடுதி வெளிநாட்டு நிறுவனத்துடையது என்றால் லாபமும் வெளியே போய்விடும். பொருளாதாரத்தில் இதற்குக் கசிவு என்று பெயர்.

அதற்காகச் சுற்றுலாவால் பயனில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. மீன்பிடியை நம்பியிருந்த அந்தத் தீவுகளில் முதல் விடுதி திறந்தது 1972-ல்தான். 2011-ல் ஐநாவின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்தே மாலத்தீவு வெளியேறிவிட்டது.

சுற்றுலாவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட நாடு என்றால் நான் ஸ்பெயினைத்தான் சொல்வேன். 1959-ல் நாணய மதிப்பைக் குறைத்துப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். 1960-ல் சுமார் 60 லட்சமாக இருந்த வரத்து, 1973-ல் 3 கோடியைத் தாண்டியது. அந்த அந்நியச் செலாவணி இயந்திரங்களையும் மூலப்பொருட்களையும் இறக்குமதி செய்யக் கைகொடுத்தது. கடற்கரையில் வந்த காசு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது!

சரி, அந்த வரத்து திடீரென்று நின்றால்? இலங்கைக்கு 2018-ல் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2019-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா. 2021-ல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே அரசு நிறுத்திவைத்தது. ஏற்கெனவே குவிந்திருந்த கடனுக்கும் 2019-ன் வரிக்குறைப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் டாலர் வரும் முக்கியமான வாசல் ஒன்று அடைபட்டதால், எரிபொருளும் மருந்தும் வாங்கவே பணம் இல்லாமல் போனது. பயணிகளை ஏற்றிச் சென்று பிழைத்த முச்சக்கர வண்டிக்காரர்கள், பெட்ரோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.